நொடிக்குப் பத்துப் படங்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முன்னறையில் இருந்தவர்கள்: சோபாவில் பெரியம்மா. அவர் பக்கத்தில், கட்டுப்போட்ட வலது கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு அவர் மகன் உருளைக்காரர். தையல் மெஷின் முன்னால், தைக்கத் துணி எதுவும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்த அவர் மனைவி தையலக்கா. பின்பக்கக் கதவு நிலையில் சாய்ந்து, உள்ளே வந்தும் வராமலும் நின்ற தையலக்காவின் தம்பி நெட்டை. தரையில், டிவிக்குக் கீழே, மடிக்கணினியோடு நான். மாடியில் வாடகைக்கு இருப்பவன்.

டிவியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். சுவரில் பாதியை அது அடைத்திருந்தது. அந்த வீட்டில் யாருக்கும் அதை முழுதாக இயக்கத் தெரியாது. நெட்டை கொண்டுவந்த பென் டிரைவைச் செருகியதும், இந்தக் கோப்பை இயக்க முடியவில்லை என்று எழுத்துக் காட்டிவிட்டுக் கறுத்துப்போனது. அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

எனக்கு இதில் கொஞ்சம் பழக்கம் உண்டு. இரவு ஷிப்டில் கேமராத் திரைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலையில் இருந்தேன். ஆள் வராத வராந்தாக்கள், வண்டி நிற்காத வாசல்கள். ஒருநாள் காலையில் வீட்டுக்கு வந்து படுத்தவன் மறுபடி போகவில்லை. காரணம் கேட்டார்கள். சொல்லும்படி ஒன்றும் இல்லை.

பென் டிரைவில் இருந்ததும் ஒரு கேமராப் பதிவுதான். சலவை ஆலையின் இஸ்திரிக் கூடத்தில் எடுத்தது. ஆஸ்பத்திரிகள், விடுதிகளின் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக அங்கே வரும். துவைத்துப் பிழிந்த விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து விரித்து, சூடான பெரிய உருளைகளுக்கு நடுவே விட வேண்டும். ஈரமாக உள்ளே போவது அந்தப் பக்கம் காய்ந்து தகடுபோல வெளியே வரும். கோடையில் அந்தக் கூடத்தில் நிற்க முடியாது என்பார்கள். மழைக்காலத்தில் அங்கே போவதற்கு எல்லோருக்கும் ஆசை. சத்தம் மட்டும் எப்போதும் ஒன்றுதான். பக்கத்தில் நிற்பவன் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது.

உருளைக்காரர் அங்கே பழைய ஆள். பேரே அப்படி ஆகிவிட்டது. மச்சினனை அங்கே சேர்த்துவிட்டதும் அவர்தான். இரண்டு பேரும் ஒரே உருளையில் எதிரெதிர் முனையில் நின்றார்கள். நிறுத்தும் பொத்தான் நெட்டை நிற்கும் பக்கத்துத் தூணில் இருந்தது. உருளைக்காரரின் கை விரிப்போடு சேர்ந்து உள்ளே போன அன்று அந்தப் பொத்தானை எட்டக்கூடியவன் நெட்டை ஒருவன்தான்.

இரண்டு விரல் போய்விட்டது. உள்ளங்கை வெந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் மேற்பார்வையாளர் பெரியம்மாவிடம், உங்கள் மருமகளின் தம்பி பார்த்துக்கொண்டே நின்றான் என்று சொல்லியிருக்கிறார். அது போதும். அன்றிலிருந்து தையலக்கா தம்பியோடு பேசவில்லை. அவன் பின்னாலிருக்கும் தகரக்கூரை அறையில் படுத்துக்கொண்டான். சாப்பாடு வெளியே. துணி துவைக்கும் கல்லில் இரண்டு பேரும் எதிர்ப்பட்டால் ஒருவர் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவார். மாடியிலிருந்து பார்த்தால் இதெல்லாம் தெரியும்.

திங்கட்கிழமை ஆலையில் விசாரணை. கேட்டால் இரண்டு தரப்புக்கும் பதிவைத் தருவார்கள் என்று தெரிந்துகொண்டு நெட்டை போய் வாங்கி வந்துவிட்டான். உருளைக்காரர் வேண்டாம் என்றார். பட்டதே போதும், அதை வேறு உட்கார்ந்து பார்க்கணுமா என்று கேட்டார். பெரியம்மா விடவில்லை. போனில் தனக்குக் கண் தெரியாது, டிவியில் போட்டால்தான் ஆயிற்று என்று பிடிவாதமாக இருந்தார். அவன் நின்ற லட்சணத்தை மருமகளும் பார்க்கட்டும் என்பது அவர் நினைப்பு. மருமகள் தன் தம்பியை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருப்பதாக அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

கேமராப் பெட்டி எழுதும் கோப்பு தனி ரகம். அதைத் திறக்க அவர்களே ஒரு செயலி தருவார்கள். டிவிக்கு அதெல்லாம் தெரியாது. டிவிக்குப் புரிகிற எம்பி4 ஆக்க வேண்டும். மாற்றும் மென்பொருளைத் திறந்ததும் அது வரிசையாகக் கேள்வி கேட்கும். படம் எந்த அளவு, ஒலி வேண்டுமா, நொடிக்கு எத்தனை படம். இருப்பதிலேயே பெரிய அளவில் போடும்படி உருளைக்காரர் சொன்னார். மங்கலாக எடுத்ததைப் பெரிதாக்கினால் பெரிய மங்கல்தான் கிடைக்கும் என்றேன். ஒலி இந்தக் கேமராவில் கிடையாது. மற்றதையெல்லாம் மூலத்தில் உள்ளபடியே என்று விட்டுவிட்டு ஓடவிட்டேன்.

டிவி இந்தத் தடவை ஏற்றுக்கொண்டது. கூடம் தெரிந்தது. மேலே மூலையிலிருந்து எடுத்த படம். இரண்டு பேர் விரிப்பை உதறி உதறி உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்கள். படம் திரைக்கு ஏற்ப அகலமாக இழுபட்டு எல்லோரும் குட்டையாக, குண்டாகத் தெரிந்தார்கள்.

"என் பையன் என்னிக்குடா இவ்வளவு சதை போட்டான்?" என்றார் பெரியம்மா. "ஆஸ்பத்திரியில பார்த்தா எலும்பும் தோலுமா கிடந்தான்."

திரையில் ஒரு விரிப்பு சுருங்கியது. உருளைக்காரர் குனிந்து கையை நீட்டினார். உடம்பு ஒரு வெட்டு வெட்டியது. இடது கை ஈ ஓட்டுவதுபோல ஒரு முறை மேலே போய் இறங்கியது. அதற்குள் நெட்டை தூணில் அடித்திருந்தான். உருளை நின்றது. ஆட்கள் ஓடிவந்தார்கள்.

பெரியம்மா வாயைத் திறந்தபடி இருந்தார். பிறகு மேற்பார்வையாளரின் குடும்பத்தைப் பற்றி நிறையப் பேசினார். அதில் எழுதக்கூடியது குறைவு. "இவனா பார்த்துக்கிட்டு நின்னான்? பறந்துல்ல போயிருக்கான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் தவறாக நினைத்ததை ஒப்புக்கொள்ளும் விதம் அடுத்தவனைத் திட்டுவதுதான்.

தையலக்கா எழுந்து சமையலறைக்குப் போனாள். திரும்பி வரும்போது தட்டில் சாப்பாடு இருந்தது. மேலே இரண்டு அவித்த முட்டை. ஒரு நாற்காலியை இழுத்து நெட்டையின் முன்னால் போட்டு அதில் தட்டை வைத்தாள்.

"உட்கார்ந்து சாப்பிடு" என்றாள்.

விபத்துக்குப் பிறகு அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது. உருளைக்காரர், அதுதான் பார்த்தாகிவிட்டதே, அணைத்துவிடலாம் என்று என்னிடம் சொன்னார். குரலில் ஒரு அவசரம் இருந்தது.

நெட்டை தட்டைப் பார்த்தான். உட்காரவில்லை.

"அண்ணே, இது வேகமா ஓடுதுல்ல?" என்று என்னைக் கேட்டான்.

ஆமாம் என்றேன். நானும் கவனித்திருந்தேன். யாராவது கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். கேமரா நொடிக்குப் பத்துப் படம்தான் எடுத்திருக்கிறது. அந்தக் கணக்கைக் கோப்பில் எழுதிவைக்கவில்லை. எழுதாததை மென்பொருள் இருபத்தைந்து என்று தானாக வைத்துக்கொள்ளும். இரண்டரை மடங்கு வேகம். திரையின் மூலையில் மணி ஓடுகிறது, பார்த்தால் தெரியும் என்றேன். தையலக்கா டிவிக்குக் கிட்டே போய் நின்று, ஓடும் நொடிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"இப்ப என்னடா அதுக்கு?" என்றாள்.

"சரியான வேகத்துல போடச் சொல்லுக்கா."

மடிக்கணினியில் சார்ஜ் தீரப்போகிறது, மாடிக்குப் போய்ச் செய்துகொண்டு வருகிறேன் என்று கிளம்பினேன். நெட்டையும் கூடவே வந்தான். தூறல் போட ஆரம்பித்திருந்தது. அறையில் ஒரே ஒரு நாற்காலி. அவன் கட்டிலில் உட்கார்ந்து தலை விட்டத்தில் இடித்துவிடும் என்கிற மாதிரி முதுகை வளைத்துக்கொண்டான். எந்த அறையிலும் அவனுக்கு அப்படித்தான்.

அப்படியே விட்டிருந்தால் சாப்பாடாவது கிடைத்திருக்குமே என்றேன். நாளைக்கு ஆலையில் அவர்களுடைய பெட்டியில் சரியான வேகத்தில்தான் ஓடும் என்றான். அக்கா அங்கே வருவாள். அங்கே பார்த்துவிட்டு, வீட்டில் ஏமாற்றினான் என்று இரண்டாவது தடவை அவள் வெறுப்பாள். அதற்கு இப்போதே பார்த்துவிடட்டும் என்றான்.

உருளை தானாக நிற்காது, அதை நிறுத்துவது பெரிய பாவம் என்று சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஆரம்பித்தான். நடுவில் நிறுத்தினால் உள்ளே இருக்கும் விரிப்பு தீய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுக்க அரை நாள் ஆகும். அன்றைய மூட்டை எல்லாம் தேங்கும். அதனால் விரிப்பு சுருங்கினால் ஓடும்போதே கையை விட்டு இழுத்துச் சரிசெய்வார்கள். கத்தினால் கேட்காது என்பதால் கைச் சாடைதான். ஒற்றைக் கையைத் தலைக்கு மேல் தூக்கினால், நிறுத்தாதே, நான் சரிபண்ணிவிடுகிறேன் என்று அர்த்தம். அந்தக் கூடத்தில் இருக்கும் எல்லோருக்கும் அதைச் சொல்லிவைத்தவர் உருளைக்காரர்.

"அன்னிக்கு என் கை பொத்தான் மேலதான்ணே இருந்துச்சு. மாமா கையைத் தூக்கினாரு. நான் எடுத்துட்டேன்."

இதை வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மாமா சொல்வார் என்று இருந்தேன் என்றான். அவன் சொன்னால் தப்பிக்கச் சொல்வதாக நினைப்பார்கள். ஆலையில் மற்றவர்கள் அப்படி ஒரு சாடையே கிடையாது என்று இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்களாம். ஒத்துக்கொண்டால் அவர்களும் மாட்டுவார்கள். விசாரணை சுமுகமாக முடிந்தால் உருளைக்காரருக்கு ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கும் வேலை தருவதாக மேலாளர் சொல்லியிருக்கிறார். அதையும் சொன்னான். சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். கீழே கொடியில் காய்ந்த துணி நனைந்துகொண்டிருந்தது. யாரும் எடுக்க வரவில்லை.

நொடிக்குப் பத்து என்று வைத்து மாற்றினேன். அகலத்தையும் சரிசெய்தேன். கீழே கொண்டுபோய்ப் போட்டால் டிவி மறுத்தது. பத்துப் படம் அதற்குப் போதாது. நாற்காலியில் தட்டு அப்படியே இருந்தது. பெரியம்மா அதன் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடியிருந்தார். ஒரு டிவிக்கு இவ்வளவு நொட்டை இருக்குமென்று தெரிந்திருந்தால் அந்தக் காசுக்கு ஒரு ஆடு வாங்கியிருக்கலாம் என்றார். கையோடு கொண்டுவந்த சார்ஜர் கம்பியைச் சுவரில் செருகிவிட்டு அங்கேயே உட்கார்ந்து மறுபடி செய்தேன். உள்ளே பத்து என்று படிக்க வேண்டும், வெளியே இருபத்தைந்து என்று எழுத வேண்டும். ஒவ்வொரு படத்தையும் இரண்டு மூன்று தடவை திருப்பிக் காட்டி அது எண்ணிக்கையை நிரப்பிக்கொள்ளும். வேகம் மாறாது. டிவியும் கோபித்துக்கொள்ளாது.

ஓடியது.

இப்போது எல்லோரும் அவரவர் உருவத்தில் இருந்தார்கள். மணி ஒவ்வொரு நொடியாக நகர்ந்தது. விரிப்பு சுருங்கியது. உருளைக்காரர் குனிந்தார். உடம்பு வெட்டியது. நெட்டை தூணில் கையை வைத்தான். உருளைக்காரரின் இடது கை மேலே போனது. போய், அங்கேயே நின்றது. விரல்கள் விரிந்திருந்தன. நெட்டை அந்தக் கையைப் பார்த்தான். தூணிலிருந்து தன் கையை எடுத்தான். எடுத்துவிட்டு நின்றான். விரிப்பு உள்ளே போய்க்கொண்டிருந்தது. உருளைக்காரரின் முழங்கால் மடங்கியது. அதற்கப்புறம்தான் நெட்டை தூணில் அடித்தான்.

சத்தமில்லாத படம்.

"அவன் கையைத் தூக்கிக் கூப்பிடுறான்" என்றார் பெரியம்மா. இந்தத் தடவை திட்டவில்லை. "இவன் பொத்தான்லேருந்து கையை எடுக்கிறான்." சோபாவில் பின்னால் சாய்ந்துகொண்டார். "முதல்ல ஓடுனதே நல்லா இருந்துச்சு."

தையலக்கா மறுபடி போடச் சொன்னாள். போட்டேன். முடிந்ததும் திரையை விட்டுத் திரும்பித் தம்பியைப் பார்த்தாள்.

"ஏன்டா கையை எடுத்தே?"

"மாமாவைக் கேளு."

"உன்னைத்தான் கேக்கிறேன்."

"நான் சொன்னா நம்ப மாட்டே. அவரைக் கேளு."

அவள் புருஷனைப் பார்த்தாள். "எதுக்குங்க கையைத் தூக்கினீங்க?"

"வலிச்சுது. தூக்கினேன்" என்றார் உருளைக்காரர்.

அது பொய்யில்லை. நெட்டை கதவு நிலையிலிருந்து நகரவில்லை. தலையைக் குனிந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவளும் பார்த்தாள். உருளைக்காரர் கட்டின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலை இடது கையால் இழுத்தார். அது நீளமாக வந்துகொண்டே இருந்தது.

"அங்க கையைத் தூக்கினா நிறுத்தாதேன்னு அர்த்தம்" என்றார் கடைசியில். "நான்தான் எல்லாருக்கும் சொல்லிவச்சது. இவனுக்கும் நான்தான் சொன்னேன். அன்னிக்கு நிறுத்தச் சொல்லித் தூக்கினேனா, வலியில அதுவா போச்சா, எனக்கே தெரியல."

பெரியம்மா மகனை மேலும் கீழும் பார்த்தார்.

"இத்தனை நாளா இதை வாயில அதக்கிக்கிட்டா உட்கார்ந்திருந்தே? அந்தப் பய கண்ட கடையில தின்னுட்டுத் திரியறான். நான் அவனை என்னென்னவோ பேசியிருக்கேன். பக்கத்துலதானேடா இருந்தே?"

தையலக்கா மெஷின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். நாளைக்கு ஆலையில் இதை அப்படியே சொல்லிவிடுங்கள் என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், கடையில் ஒன்று வாங்கி வரச் சொல்வதுபோல.

"சொன்னா ஸ்டோர் வேலை போச்சு" என்றார். "சொல்லிக்கொடுத்தவனே நான்னு வெளிய தள்ளிடுவாங்க. இந்தக் கையைப் பார்த்துட்டு எவன் வேலை குடுப்பான், நீயே சொல்லு. இங்க பேசினது இங்கேயே இருக்கட்டும்."

அவள் மெஷின் சக்கரத்தைக் கையால் சுற்றினாள். துணியில்லாமல் ஊசி ஏறி இறங்கியது. கணவன் கட்டிலிலும் சோபாவிலுமாகக் கிடந்த நாளெல்லாம் அந்த மெஷின்தான் ஓடியது. மாடியில் படுத்திருந்தால் தரை வழியாகக் கேட்கும். அவள் என்ன கூட்டிக் கழித்துப் பார்க்கிறாள் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். நெட்டைக்கும் தெரிந்தது. அவன் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு வேற எங்கயாவது வேலை கிடைக்கும்ல?" என்றாள், முகத்தைத் தூக்காமல்.

"பார்த்துக்கிட்டு நின்னவன்னு எழுதி அனுப்பினா எங்கக்கா கிடைக்கும்? நாளைக்கு நான் சொல்லத்தான் போறேன். நம்புறதும் நம்பாததும் அவங்க பாடு."

"நான் இல்லைன்னுதான் சொல்லுவேன் மாப்ளே" என்றார் உருளைக்காரர். மிரட்டலாகச் சொல்லவில்லை. முன்கூட்டியே தெரிவித்துவிடுவது நல்லது என்கிற மாதிரி சொன்னார்.

"சொல்லுங்க மாமா."

ஊசி நின்றது.

"சொல்லணும்னா சொல்லு" என்றாள் தையலக்கா. "இந்த வீட்டுலேருந்து கிளம்பிப் போய்ச் சொல்லாதே."

பெரியம்மா வாயெடுத்தார். தையலக்கா திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார். டிவி, அடுத்து என்ன பார்க்கலாம் என்று படங்களை வரிசையாகக் காட்டிக்கொண்டிருந்தது. நான் பென் டிரைவைப் பிடுங்கி நெட்டையிடம் கொடுத்தேன். அவன் பின்பக்கம் போனான்.

தகரக்கூரை அறையில் அவனுடையது என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சீக்கிரம் வந்துவிட்டான். தோளில் ஒரு பை, கையில் ஈரச் செருப்பு. செருப்பை வாசலில் போட்டுக் காலில் மாட்டினான். உருளைக்காரர் எழுந்திருக்கப் பார்த்தார். ஒரு கையை ஊன்ற முடியாமல் மறுபடி உட்கார்ந்துவிட்டார். தட்டில் இருந்ததையாவது சாப்பிட்டுவிட்டுப் போகட்டுமே என்று பெரியம்மா சுவரைப் பார்த்துச் சொன்னார். பசியில்லை அத்தை என்றான் அவன். அவர் அவனைப் பேசியதற்கெல்லாம் அவன் அவரிடம் ஒரு கோபமும் காட்டவில்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

நான் கம்பியைச் சுருட்டி மடிக்கணினியை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவன் பின்னால் வெளியே வந்தேன். தூறல் விட்டிருந்தது. படிக்குக் கீழே நின்று, எங்கே போகிறாய் என்று கேட்டேன். மூட்டை ஏற்றும் டிரைவர் ஒருவர் அறையில் இடம் இருக்கிறது, இன்றைக்கு அங்கே, நாளைக்கு விசாரணை முடிந்து பார்க்கலாம் என்றான்.

தையலக்கா வாசல்வரை வந்திருந்தாள். அவன் திரும்பி, வரேன்க்கா என்றான். அவள் தலையை ஆட்டினாளா என்பது எனக்குத் தெரியவில்லை. கதவு சாத்திக்கொண்டது. மேல் தாழ்ப்பாள் விழுந்தது, பிறகு கீழ்த் தாழ்ப்பாள். இரவில் அவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள். கொஞ்சம் பொறுத்துச் சாவி திரும்பும் சத்தமும் கேட்டது.